பழைய பொலிரோவில் உதிர்ந்துபோன பக்கவாட்டு ஸ்டிக்கர்கள்: கடலோரத்தில் நிலைக்கும்படி மாற்றுவது எப்படி?

மண்டபம்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் எங்கள் வீட்டில் 2005-ஆம் ஆண்டு பதிவான வெள்ளை நிற மஹிந்திரா பொலிரோ ஒன்று இருக்கிறது. எஞ்சினில் குறையில்லை. அடித்தகட்டில் இருந்த துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தாயிற்று. இப்போது வண்டியைப் பார்ப்பவர் கண்ணை உறுத்துவது பக்கவாட்டு ஸ்டிக்கர்கள் மட்டும்தான்.

வலப்பக்கத்தில் ஸ்டிக்கர்கள் முழுவதுமாக இருக்கின்றன; ஆனால் அடர்சாம்பல் நிறம் வெளிறி, மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழுந்து, ஓரத்தில் ஓடும் மெல்லிய சிவப்புக் கோடு இளஞ்சிவப்பாகிவிட்டது. இடப்பக்கத்து நிலைமை வேறு. பின்கதவைப் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி மாற்றி வெள்ளை அடித்ததால் அதில் ஸ்டிக்கரே இல்லை. முன்கதவிலும் பின்சக்கரத்துக்கு மேலுள்ள பகுதியிலும் பழைய ஸ்டிக்கர் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. இருந்த இடத்தின் வடிவம் மட்டும் சுற்றியுள்ள பெயிண்டைவிடச் சற்று வெண்மையாகத் தெரிகிறது. ஸ்டெப்னி மூடியிலும் சில எழுத்துகள் இல்லை.

முன்கதவுக்கு மட்டும் ஒரு கடையில் ஏறத்தாழ ஒத்த வடிவில் வெட்டி ஒட்டிப் பார்த்தேன். ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் அது நான்கு பக்கமும் சுருங்கி, ஓரத்தைச் சுற்றி அழுக்கு பிடித்த பசைக் கோடு ஒன்றை விட்டுவிட்டது. மூலைகளும் எழும்பிவிட்டன. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் எந்த ஸ்டிக்கரும் நிற்காது என்று கடைக்காரர் சொல்கிறார். இது உண்மைதானா? தொழிற்சாலை ஸ்டிக்கரே இன்னும் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் வலப்பக்கத்தைப் பார்த்து இடப்பக்கத்துக்குப் படியெடுக்க முடியுமா, எந்தப் பொருளில் வெட்டச் சொல்ல வேண்டும் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ஆர்.சி. புதுப்பிக்கும் வேலையும் வரப்போகிறது. ஸ்டிக்கர் மாற்றியதால் அதில் ஏதும் சிக்கல் எழுமா என்பதும் தெரிய வேண்டும்.

பரமக்குடி ஸ்டிக்கர் பட்டறை எழுதுகிறார்:

ஐயா, உப்புக்காற்றின் மேல் முழுப் பழியையும் போடுவது எங்கள் தொழிலில் எளிதான வழி. தொழிற்சாலையில் ஒட்டிய ஸ்டிக்கர் அதே மண்டபத்தில், அதே காற்றில், இத்தனை ஆண்டுகள் வலப்பக்கத்தில் நின்றிருக்கிறதே. பொருளும் ஒட்டிய விதமும்தான் வேறு.

உங்கள் முன்கதவில் நடந்ததை முதலில் சொல்கிறேன். ஸ்டிக்கர் வெட்டும் வினைல் என்ற பிளாஸ்டிக் படலத்தில் காலண்டர், காஸ்ட் என இரண்டு வகை உண்டு. காலண்டர் வகையைச் சூடான உருளைகளுக்கு இடையே விட்டு இழுத்து மெலிதாக்குகிறார்கள். வெயில் பட்டதும் அது பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், புதுக் கதர்ச் சட்டை முதல் சலவையில் சுருங்குவதைப் போல. படலம் உள்ளே போய்விட, பசை மட்டும் வெளியே கோடாக நின்று தூசியைப் பிடிக்கிறது. காஸ்ட் வகையைத் திரவமாக ஊற்றிக் காயவைத்து எடுப்பதால் அதற்கு இழுவிசை இல்லை, சுருக்கமும் மிகக் குறைவு. கனத்திலும் வித்தியாசம் உண்டு: காஸ்ட் ஏறத்தாழ 50 மைக்ரான், காலண்டர் பெரும்பாலும் 60 முதல் 100 மைக்ரான் வரை. மெலிதாக இருப்பதால் காஸ்ட் தகட்டின் வளைவோடு படிந்து போகும். கடையில் பெயரைக் கேட்டே வாங்கலாம்; ஓரகால் நிறுவனத்தில் 651 காலண்டர், 951 காஸ்ட். உரித்துப் போடும் அடித்தாளின் பின்புறத்தையோ சுருள் வந்த பெட்டியையோ காட்டச் சொல்லுங்கள். காஸ்ட் விலை கூடுதல்தான். ஆனால் பக்கவாட்டுக் கோடுகளுக்குப் பெரிய சுருள் தேவையில்லை, பெரிய வேலைகளில் மிஞ்சிய துண்டுகளே போதும்.

ரேடியம் ஸ்டிக்கர், அதாவது விளக்கொளி பட்டால் மின்னும் வகை, வேண்டாம். நீண்ட நாள் உழைக்கும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். உள்ளே உலோகப் பூச்சு கொண்ட வகைகளில் வெட்டிய ஓரத்தின் வழியே உப்பு ஏறினால் ஓரம் கறுத்து அடுக்கடுக்காகப் பிரியும். குரோம் ஸ்டிக்கருக்கும் இதே கதைதான்.

தொழிற்சாலை ஸ்டிக்கரைப் பொறுத்தவரை, 17 எழுத்து சேஸிஸ் எண்ணோடு அங்கீகரிக்கப்பட்ட உதிரிபாகக் கவுண்டருக்குப் போய்க் கேட்பதே முதல் வேலை. பொலிரோ 2000-இல் வந்ததிலிருந்து முகப்பும் பக்கவாட்டுக் கோடுகளும் பலமுறை மாறியிருப்பதால், கண்ணால் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் வண்டிக்கு அடுத்த தலைமுறையுடையது கைக்கு வந்துவிடக்கூடும். முழுத் தொகுப்பும் தீர்ந்திருந்தாலும் கதவுவாரியாகத் தனித்துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளிலும் பழைய இருப்பு அகப்படலாம். ஆனால் பழைய இருப்பை வாங்குமுன் ஒரு மூலையை மட்டும் அடித்தாளிலிருந்து பிரித்துப் பாருங்கள். பசை அடித்தாளிலேயே தங்கினாலோ, மெல்ல வளைக்கும்போது படலம் வெடித்தாலோ, வெப்பமான கிடங்கில் பல ஆண்டுகள் கிடந்து செத்துப்போன சரக்கு அது. அசல் என்ற பெயருக்காக வாங்க வேண்டாம்.

கிடைக்காவிட்டால் படியெடுப்பதுதான் வழி. கைபேசியில் படம் எடுத்து அனுப்பி வெட்டச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. கேமரா லென்ஸ் ஓரங்களை வளைத்துக் காட்டுவதால் கதவின் நீளத்துக்கு நல்ல வித்தியாசம் வந்துவிடும். பட்டர் தாளை வலப்பக்கத்தில் மாஸ்கிங் டேப்பால் இறுக்கி ஒட்டி, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்து ஸ்டிக்கரின் ஓரம் நெடுகத் தேயுங்கள். ஸ்டிக்கர் தகட்டைவிட உயர்ந்து நிற்பதால் ஓரம் தானாகக் கறுத்துத் துல்லியமாக விழும். கதவு இடைவெளி, கைப்பிடி, சாவித் துவாரம், கதவின் குறுக்கே ஓடும் மடிப்புக் கோடு எல்லாவற்றையும் அதே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். தாளைத் திருப்பினால் அதுவே இடப்பக்கம். எழுத்துகளை மட்டும் திருப்பாமல் தனியாகப் படியெடுங்கள். இதைக் கணினியில் மறந்து, வண்டிப் பெயரைக் கண்ணாடியில் தெரிவதைப் போல ஒட்டிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். முன்கதவில் தெரியும் வெண்மைத் தடத்தின் மீது இந்தத் தாளை வைத்துச் சரிபார்த்தால் பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

நிறத்தை வெளிப்பக்கத்தைப் பார்த்து ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். வலக்கதவைத் திறந்து, ஸ்டிக்கர் விளிம்பைச் சுற்றி உள்ளே மடித்து ஒட்டப்பட்ட சிறு பட்டையைத் தேடுங்கள். கதவு மூடியிருக்கும்போது அதில் வெயில் படுவதில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால் 2005-இல் இருந்த சாம்பலும் சிவப்பும் அங்கே அப்படியே இருக்கும். கடையின் நிற அட்டையை அந்தப் பட்டையோடு நிழலில், பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். டியூப்லைட்டின் கீழ் சாம்பல் நிறங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

சாம்பல் நிறம் ஒரு முனையில் மெல்லக் கரைந்து வெள்ளையாவது போல இருந்தால், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அது புள்ளிகளால் ஆனதாக இருக்கும். அதை வெட்டி எடுக்க முடியாது. வெள்ளை காஸ்ட் வினைலில் அச்சடித்து, மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் லேமினேஷன் போட வேண்டும். அச்சடித்த கையோடு லேமினேஷன் போடும் கடையைத் தவிர்த்துவிடுங்கள். மையிலுள்ள கரைப்பான் வெளியேற ஒரு முழு நாளாவது விட வேண்டும். இல்லாவிட்டால் அது உள்ளே சிக்கிப் பசையை இளக்கி, ஓரம் சுருண்டுகொள்ளும்.

ராமநாதபுரம் பெயிண்டர் எழுதுகிறார்:

பரமக்குடிக்காரர் ஸ்டிக்கரைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அடித்தளம் சரியில்லாமல் மேலே எதை ஒட்டியும் பயனில்லை என்பதால் பெயிண்டைப் பற்றிச் சொல்கிறேன்.

முன்கதவில் தெரியும் வெண்மைத் தடம் இரண்டு காரணங்களால் வந்திருக்கலாம். விரல் நகத்தை அதன் ஓரத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் பழைய பசை இன்னும் இருக்கிறது. தட்டாமல் வழுக்கினால் அது பசையன்று. ஸ்டிக்கரின் கீழ் வெயில்படாமல் இருந்த பெயிண்ட் வெண்மையாகவும் சுற்றிலும் உள்ளது மஞ்சள் படிந்தும் இருக்கிறது. புது ஸ்டிக்கர் அதே இடத்தில் அதே அளவில் வருவதால் இந்த இரண்டாவது வகைத் தடத்தைப் போக்குவதற்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். சுற்றிலும் கம்பவுண்ட் (பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றும் குழம்பு) போட்டு மஞ்சளை எடுத்தாலே வித்தியாசம் பெருமளவு குறைந்துவிடும். விளிம்புகளிலும் மடிப்புக் கோட்டின் மேலும் அழுத்தித் தேய்க்கக் கூடாது; பழைய பெயிண்ட் அங்கேதான் மெலிந்திருக்கும், அடிப்பூச்சான பிரைமர் தெரிந்துவிடும்.

பழைய பசையைத் தேய்த்து எடுக்க மண்ணெண்ணெய் நனைத்த துணியைச் சிறிது நேரம் மேலே போட்டு ஊறவிட்டால் போதும், பசை உருண்டு வரும். அதன் பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவி, கடைசியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைப்பது கட்டாயம். மண்ணெண்ணெய் விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலத்தின் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. நொறுங்கி வரும் வலப்பக்க ஸ்டிக்கரை எடுக்கும்போது ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூடு காட்டிப் பிளாஸ்டிக் தகட்டால் தள்ளுங்கள், பிளேடு வேண்டாம். தடித்த நுரைப்பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் எழுத்துகள் இருந்தால் நம் ஊரில் அதற்குத் தனிக் கருவியே வேண்டியதில்லை. தூண்டில் நரம்பு ஒரு முழம் எடுத்து எழுத்தின் பின்னால் விட்டு இரு கையாலும் அறுத்தால் பெயிண்டில் கீறல் விழாமல் வந்துவிடும்.

வெளிப்புறத்தில் தின்னரை மட்டும் தொடாதீர்கள். மாற்றிய பின்கதவில் எந்தப் பெயிண்ட் அடித்தார்கள் என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். கதவின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தின்னர் தொட்ட துணியால் ஒரு புள்ளியில் தேய்த்துப் பார்க்கலாம்; துணியில் வெள்ளை ஏறினால் அது தின்னரில் மீண்டும் கரையும் என்.சி. பெயிண்ட், ஏறாவிட்டால் ஹார்டனர் (இறுகவைக்கும் மருந்து) கலந்த பெயிண்ட். என்.சி. என்றால் ஸ்டிக்கரைப் பின்னாளில் கழற்றும்போது பெயிண்டும் சேர்ந்து உரிந்து வர வாய்ப்பு இருக்கிறது.

கதவு விளிம்பில் ஸ்டிக்கரை உள்ளே மடித்து ஒட்டுவது தொழிற்சாலை முறை. இருபது ஆண்டு கடலோரத்தில் ஓடிய வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கதவின் வெளித்தகடும் உள்தகடும் சேர்ந்து மடியும் அந்த இடுக்கில்தான் துரு முதலில் கிளம்புகிறது. மேலே ஸ்டிக்கர் மூடியிருந்தால் உப்பு ஈரம் உள்ளேயே நின்று, துரு வீங்கி வெளியே வரும்போதுதான் தெரியும். விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் முன்னதாகவே ஸ்டிக்கரை முடித்துவிடுங்கள். இரண்டு அடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது தெரியப்போவதில்லை.

மற்றொரு வழியும் உண்டு. ஒரே நிறக் கோடுகள் என்றால் ஃபைன்லைன் டேப் (கூர்மையான விளிம்பு தரும் மெல்லிய மறைப்பு டேப்) கட்டிப் பெயிண்டாகவே அடித்துவிடலாம். அது சுருங்காது, எழும்பாது. புள்ளிகளால் கரையும் நிறத்துக்கு இது ஆகாது. ஸ்டிக்கர் ஒட்டி மேலே கிளியர் (நிறமற்ற மேற்பூச்சு) அடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கிளியரில் உள்ள கரைப்பான் மெல்லிய படலத்தை நெளியவைக்கும், பிறகு ஸ்டிக்கரை மாற்ற வேண்டுமானால் கதவு முழுவதையும் தேய்க்க வேண்டியிருக்கும்.

கீழக்கரை நண்பர் எழுதுகிறார்:

இரண்டு அண்ணன்களும் சொன்னதோடு, ஒட்டும் நாளையும் தண்ணீரையும் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

நம் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வண்டியைக் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரிலேயே கழுவி, அதிலேயே சோப்புக் கலந்து தெளித்து ஸ்டிக்கர் ஒட்டினால், ஸ்டிக்கருக்கு அடியில் நாமே உப்பைக் கொண்டுபோய் வைக்கிறோம். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடைசி அலசலுக்கும், ஒட்டும்போது தெளிக்கும் கலவைக்கும் காவிரிக் கூட்டுக் குடிநீரையோ கேன் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். ஒரு லிட்டருக்குக் குழந்தைகள் ஷாம்பு இரண்டு மூன்று சொட்டு போதுமானது. நுரை பொங்கும் அளவுக்குப் போட்டால் பசை பிடிக்கத் தாமதமாகும்.

ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று மணலைத் தூக்கி அடிக்கும்போது திறந்த வெளியில் இந்த வேலையைத் தொடவே கூடாது. ஒரு மணல் துகள் அடியில் சிக்கினால் அது கொப்புளமாகவே நிற்கும். சித்திரை வெயிலில் தகடு கையைச் சுடும், பசை தொட்டவுடன் பிடித்துக்கொண்டு நகர்த்த இடம் தராது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் போய்விடும். தை, மாசியில் பனி இறங்கிய ஈரம் முழுவதும் காய்ந்த பிறகு, தகரக் கொட்டகையிலோ நான்கு பக்கமும் மறைப்புள்ள இடத்திலோ செய்வது நல்லது.

ஆர்.சி. பற்றிய கேள்விக்கு: பக்கவாட்டுக் கோடுகளையும் வண்டிப் பெயரையும் புதுப்பிப்பதால் சிக்கல் வருவதில்லை. வண்டியின் நிறமே மாறும்படி முழு உடலையும் மூடினால்தான் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவுச் சான்றிலும் மாற்ற வேண்டும். கோட்டைக் கண்ணாடி வரை நீட்டலாம் என்று கடையில் யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-இல் தடுத்தது.

மண்டபம்வாசி மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. கதவு விளிம்பின் உள்ளே பார்த்தேன். சிவப்பு நிறம் நான் நினைத்திருந்ததைவிட மிக அடர்த்தியாக, ஏறக்குறைய குங்கும நிறத்தில் இருக்கிறது. அப்படியானால் இடப்பக்கத்துக்கு மட்டும் புதிதாக ஒட்டினால் இரு பக்கமும் வேறு வேறு வண்டியைப் போலத் தெரியும் அல்லவா? பின்கதவுக்கு வெள்ளை அடித்து அதிக நாள் ஆகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்கதவில் எந்த உயரத்தில் ஒட்டுவது என்பதற்கும் தடம் ஏதும் இல்லை. ஸ்டெப்னி மூடி பிளாஸ்டிக். அதற்கும் இதே ஸ்டிக்கர் பொருந்துமா?

பரமக்குடி ஸ்டிக்கர் பட்டறை எழுதுகிறார்:

இரு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றுவதுதான் முறை ஐயா. ஒரே சுருளிலிருந்து, ஒரே நாளில் அச்சடித்ததாக இருக்க வேண்டும். வெளிறிய பக்கத்துக்கு ஏற்ப வெளிறிய நிறத்தில் வெட்டித் தரும்படி கேட்பவர்கள் உண்டு. வலப்பக்கம் இன்னும் வெளிறிக்கொண்டே போகும் என்பதால் அந்த ஒப்பு நிலைக்காது. வலப்பக்க ஸ்டிக்கரைக் கழற்றுமுன் பட்டர் தாள் படியெடுப்பை முடித்து, வெட்டிய ஸ்டிக்கரை அதன் மேல் வைத்துப் பார்த்துவிடுங்கள். கழற்றிய பின் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. விளிம்பை மடிக்காமல் விடுவது பற்றிப் பெயிண்டர் சொன்னது உங்கள் வண்டிக்குச் சரி. துரு இல்லாத கதவென்றால் நான் மடித்தே ஒட்டுவேன்.

புதுப் பெயிண்ட் வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளிருந்து கரைப்பான் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பட்டறையில் சூட்டு அறை இல்லாமல் காற்றில் உலர்த்தியது என்றால் மூன்று நான்கு வாரம் பொறுப்பது நல்லது. அவசரப்பட்டால் ஸ்டிக்கர் முழுவதும் அம்மை போட்டதுபோல் குமிழ் எழும்பும். ஊசியால் குத்தினாலும் திரும்ப வரும். ஐயம் இருந்தால் உள்ளங்கை அளவு வினைல் துண்டு ஒன்றைப் பின்கதவில் ஒட்டி வெயிலில் வண்டியை நிறுத்தி, மறுநாள் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள்.

உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். பொலிரோவின் பின்பக்கம் பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்). இத்தனை ஆண்டுச் சுமையில் இரு பக்கமும் ஒரே அளவில் அமர்ந்திருக்காது. கதவின் அடிவிளிம்பையும் நம்ப வேண்டாம். வேறு வண்டியின் கதவைப் பொருத்தியிருப்பதால் கீலில் சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும். தகட்டில் ஓடும் மடிப்புக் கோட்டிலிருந்து வலப்பக்கக் கதவின் முன்முனையிலும் பின்முனையிலும் அளவெடுத்து, அதையே இடப்பக்கத்தில் குறியுங்கள். பின்கதவின் மடிப்புக் கோடு முன்கதவின் கோட்டோடு நேராக வராவிட்டால், முதலில் கீலைச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஸ்டிக்கரைச் சாய்த்து ஒட்டி அதை மறைக்கப் பார்த்தால் இரண்டுமே கோணலாகத் தெரியும்.

ஒட்டும்போது அடித்தாளோடு ஸ்டிக்கரை இடத்தில் வைத்து, நடுவில் குறுக்காக ஒரு மாஸ்கிங் டேப் போட்டுக் கீல் போல் அமைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியைத் தூக்கி அடித்தாளை உரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஸ்குவீஜியால் (தட்டையான பிளாஸ்டிக் தேய்ப்பான்) தள்ளுங்கள். பிறகு டேப்பை எடுத்துவிட்டு மறுபாதி. முன்கதவு, பின்கதவு, பின்சக்கரத்துக்கு மேலுள்ள பகுதி என மூன்றுக்கும் டேப் குறிகளை முதலிலேயே போட்டு, கதவுகளை மூடியபடி பத்தடி தள்ளி நின்று கோடு நேராக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே முதல் அடித்தாளை உரிக்க வேண்டும். வெட்டிய துண்டுகளைச் சேர்த்துப் பிடிப்பதற்காக மேலே உள்ள டிரான்ஸ்ஃபர் டேப்பைத் தகட்டோடு ஒட்டி மடக்கியவாறு மெல்ல இழுங்கள், செங்குத்தாக வெளியே இழுக்காதீர்கள். கடைசியில் ஓரம் நெடுக எட்ஜ் சீலர் என்ற ஓரம் அடைக்கும் திரவத்தை மெல்லிய கோடாகப் பூசிவிட்டால் உப்பு ஈரம் உள்ளே ஏறும் வழி அடைபடும். உங்கள் ஊருக்கு இதைக் கட்டாயம் என்றே சொல்வேன். அதன் பிறகு இரண்டு மூன்று நாள் கழுவக் கூடாது. வாட்டர் சர்வீசில் விடும்போது ஓரத்தை நோக்கிச் சாய்வாகப் பீச்ச வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

ஸ்டெப்னி மூடிக்கு இதே வினைல் போதும், ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கில் பசை எளிதில் பிடிக்காது, அதிலும் சொரசொரப்பான மேற்பரப்பு என்றால் இன்னும் கடினம். எழுத்துகள் வரும் இடத்தில் மட்டும், பசை பிடிக்க உதவும் 3எம் 94 பிரைமரை ஈரம் தெரியும் அளவுக்கு மெல்லத் தடவிக் காயவிட்டு ஒட்டுங்கள். அதைப் பூசும்போது மூடியைக் கழற்றித் தனியாக வைத்துக்கொள்வது நல்லது, வெள்ளைத் தகட்டில் ஒரு துளி விழுந்தாலும் கறை தங்கிவிடும்.